சரிவிலிருந்து தொடங்குங்கள்: மலையக மண்ணில் இறுதியாண்டு கட்டிடக்கலைச் செயல்திட்டம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டிடக்கலை படிக்கும் நம்முடைய பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் ஆண்டுக்கு வந்ததும் கோல் எடுத்துக் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அண்ணா, எங்க தோட்டத்தையே சைட்டா எடுக்கவா, இல்ல கொழும்புப் பக்கமே பாக்கவா?" எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எடுத்தால் அந்த மலையை மலையாகவே எடுங்கள். ஹட்டனிலோ பசறையிலோ ஒரு சரிவைத் தெரிவுசெய்துவிட்டு, அதை மனதுக்குள் மட்டமாக்கி, வெள்ளவத்தைக் காணியில் கட்டுவது போல ஒரு கட்டிடத்தைத் தூக்கி வைத்தால் ஒரு வருட உழைப்பும் வீண்.

நான் அதைச் செய்தவன். நான்காம் ஆண்டில் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் பிளான் போட்டிருந்தேன். நடுவில் முற்றம், சுற்றிவர வகுப்பறைகள். விரிவுரையாளர் ஒருவர் அந்த முற்றத்தில் விரலை வைத்து, மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் இங்கே வந்தால் அப்புறம் எங்கே போகும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மழைக்கு முந்தி அப்பாவோடு வீட்டுக்குப் பின்னால் கான் (வடிகால்) வெட்டி வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி வரைபடத்தின் முன் தோன்றவே இல்லை. பிளானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வினை அது. மலையில் பிளான் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதியைச் சொல்வது வெட்டுமுகம், மலையை மேலிருந்து கீழ்வரை வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பது போன்ற படம், அதாவது நாம் ஸ்டூடியோவில் செக்‌ஷன் என்று சொல்வது. கீழே வருகிற ஒவ்வொரு படியும் அந்தச் செக்‌ஷனை முதலில் வரைய வைப்பதற்காகத்தான்.

படிப்பு வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் பட்டம். உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்குக் கொழும்பில் சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் கடைசிக் கட்டத்தில் உங்கள் பெயரில் ஒரு பெரிய தனிச் செயல்திட்டம் வரும். அதைப் பற்றியே இனிப் பேசப்போகிறேன்.

முதல் படி: ஒரு தோட்டம் வேண்டாம், ஒரு சரிவு போதும்

முழுத் தோட்டத்தையும் சைட் என்று எடுக்காதீர்கள். உச்சியிலிருந்து கீழே ஆறு வரை அரை மணி நேரத்தில் இறங்கி முடிக்கக்கூடிய ஒரு சரிவைத் தெரிவுசெய்யுங்கள். அதில் ஒரு லயம், ஒரு பீலி (குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் நீர் விழும் இடம்), கோயில், கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), மேலே ரோடு, இவற்றில் குறைந்தது மூன்று இருக்கட்டும். காட்சி நல்லாயிருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். நல்ல காட்சி தெரிகிற இடம் நல்ல காற்றும் அடிக்கிற இடம்.

அனுமதி வாங்க வேண்டும். 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களில் தோட்டக் காணி அரசுக்குப் போனது. 1992 முதல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். ஆகவே உங்கள் அம்மா அப்பா அதே லயத்தில் இருந்தாலும், மலைக்குள் அளவெடுக்கப் போகுமுன் துறைத் தலைவரின் கடிதத்தோடு தோட்ட முகாமையாளரான துரையைப் பார்த்துவிடுங்கள். இந்தக் காணி விஷயம் பிறகு உங்கள் வடிவமைப்புக்குள்ளும் வரும். தன் பெயரில் உறுதி இல்லாத குடும்பம் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட எவ்வளவு யோசிக்கும் என்று நமக்குத் தெரியும்தானே.

இரண்டாம் படி: தண்ணீர்க் குழாயால் மலையை அளப்பது

நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 வரைபடத்தில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவும் உதவும், ஆனால் அதை நம்பிக் கட்டிடம் வரையாதீர்கள். அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 30 மீற்றர். ஒரு முழு லயமே இரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறடி மண்சுவர் அதில் தெரியவே தெரியாது.

அதனால் கையால் அளக்க வேண்டும். மேசன்மார் பாவிக்கிற ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் 15 மீற்றர் வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு அளவுகோல், இரண்டு பேர், ஒரு கொப்பி. மேல் ரோட்டிலிருந்து கீழ் ஆறு வரை நேர்கோட்டில், சரிவு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும், மற்ற இடங்களில் 2 மீற்றருக்கு ஒருமுறையும் மட்டம் எடுங்கள். இப்படி நான்கு கோடு எடுத்தால் போதும். சில நாள் வேலை, கால் வலிக்கும், ஆனால் முடியும்போது உங்களிடம் இருக்கும் நான்கு செக்‌ஷன்களும் வேறு எவரிடமும் இல்லாதவை.

கோட்டை எடுக்கும்போது கண்ணில் படுவதையெல்லாம் அதன் மேலேயே குறியுங்கள். கான் எங்கே ஓடுகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, கல்கட்டு எங்கே வயிறு தள்ளி நிற்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது, நிலத்திலோ சுவரிலோ வெடிப்பு உண்டா, முன்பு இல்லாத ஊற்று புதிதாகக் கிளம்பியிருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வருகிறதா. கடைசி நான்கும் மண்சரிவின் அறிகுறிகள்.

இரண்டு தடவையாவது போக வேண்டும், அதில் ஒன்று மழையில். மழையில் போகாதவருக்கு மலையகத்தில் வடிவமைக்க உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: இங்கே கட்டலாமா?

இதைக் கடைசி இணைப்பில் ஒரு பக்கமாகச் சேர்ப்பவர்கள் பலர். இது முதல் கேள்வி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு முன் அவர்களின் மதிப்பீடு கேட்கப்படும். அவர்களின் முன்னெச்சரிக்கைக் கணக்கையும் மனதில் வையுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மீண்டும் அதே துயரம். இந்த இழப்புகளுக்குப் பிறகு, நம் பிள்ளைகள் வரையும் எந்தப் படத்திலும் அபாய வலயக் கோடு மெல்லிய புள்ளிக்கோடாக மறைந்து கிடக்கக் கூடாது. தடித்த கோடாக இருக்கட்டும்.

உங்கள் சரிவு உயர் அபாய வலயத்தில் விழுந்துவிட்டால் மனம் உடையாதீர்கள், சைட்டையும் மாற்றாதீர்கள். கேள்வியை மாற்றுங்கள். அங்கே வாழும் குடும்பங்கள் எங்கே போகும், கோயில் எங்கே போகும், காமன் கூத்து ஆடும் காமன் பொட்டல் எங்கே போகும், வேலைக்குப் போகும் தூரம் எவ்வளவாகும்? இடம்பெயர்வையே வடிவமைப்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. தேவையும் அதிகம்.

நான்காம் படி: குளிர், வெயில், ஈரம்

ஸ்டூடியோவில் நமக்குச் சொல்லித்தருவது பெரும்பாலும் தாழ்நில வெப்பத்துக்கான பாடம். காற்றோட்டம், திறந்த முற்றம், நிழல். நல்ல பாடந்தான், ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு அது பொருந்தாது. ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியாவின் சராசரி 16 பாகை அளவில்தான். ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி விழுந்து கொழுந்து கருகும் ஊர் அது. அங்கே மக்கள் தேடுவது நிழலை அல்ல, வெயிலையும் அடுப்பையும். பதுளையோ 700 மீற்றருக்கும் கீழே. அங்கே கதை வேறு. ஆகவே "மலையகக் காலநிலை" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். உங்கள் சரிவின் உயரத்தை எழுதுங்கள்.

மழையும் அப்படியே. மேற்குச் சரிவு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும். கிழக்குச் சரிவுக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். எந்தச் சுவரில் சாரல் அடிக்கும் என்பதை இதுவே தீர்மானிக்கும்.

வெயிலுக்கு ஒரு வேலை செய்யுங்கள். நாம் வட அகலக்கோடு 7 பாகை அளவில் இருக்கிறோம். ஜூனில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 73 பாகை உயரத்தில், டிசம்பரில் தெற்குப் பக்கமாக 60 பாகை உயரத்தில் நிற்கும். புத்தகக் கணக்கு இது. ஆனால் மலையில் சூரியன் புத்தகப்படி உதிக்காது, எதிர் மலையைத் தாண்டித்தான் வரும். எத்தனை மணிக்குத் தாண்டுகிறது, எத்தனை மணிக்கு இந்தப் பக்க மலைக்குப் பின்னால் போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதி, எதிர் மலையின் விளிம்பையும் செக்‌ஷனில் சேருங்கள். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் ஒரு வரிசை மலையைப் பார்த்தே நிற்கும். அங்கே உடுப்புக் காய எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் வடிவமைப்பில் ஓர் அறையாக மாற வேண்டும்.

ஐந்தாம் படி: இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பது

இதில் உங்களுக்கு இருக்கும் பலம் வேறு மாணவர்களுக்கு இல்லை. மொழி. வினாக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். பிளேன்டீ தருவார்கள், லயத்தின் முன்பக்கமான இஸ்தோப்பில் உட்காருங்கள். "வீடு எப்படி இருக்கணும்?" என்று கேட்டால் "மாடி வீடு நல்லாருக்கும் தம்பி" என்றுதான் பதில் வரும். அதைவிட, காலையில் நாலரைக்கு எழும்பியதிலிருந்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். விறகு எங்கே காயும்? இடுப்பில் கட்டி நனைந்த படங்கும் கூடையும் எங்கே தொங்கும்? பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? சாவு விழுந்தால் ஆட்கள் எங்கே கூடுவார்கள்? என் அப்பாயி (அப்பாவின் அம்மா) ஒருமுறை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தண்ணி போற தடத்த மறிச்சிப்புட்டா அது நம்ம வீட்டு வழியாத்தான் போகும்." இரண்டு பருவம் படித்த நீரியல் பாடத்தின் சாரம் அது.

படங்களில் ஆங்கிலம் இருந்தே ஆக வேண்டும், பாடம் அந்த மொழியில்தான். ஆனால் இஸ்தோப்பை வராந்தா என்று எழுதிவிட்டால் ஏதோ போய்விடுகிறது. அது படுக்கும் இடம், கும்பிடும் இடம், விருந்தாளி உட்காரும் இடம், மழைநாளில் சமைக்கும் இடம்கூட. காம்பரா (அறை), பீலிக்கரை, பிரட்டுக்களம் (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம்), பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்), காமன் பொட்டல் என்ற சொற்களை அப்படியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் அளவோடு ஒரு சிறு படம் போட்டு வையுங்கள். என்னைக் கேட்டால், முழு ஆய்வேட்டிலும் இந்தப் பக்கங்களுக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன்.

படம் பிடிக்கும் முன் கேளுங்கள். பிள்ளைகள் குளிக்கும் பீலியைப் படம் பிடிக்காதீர்கள்.

ஆறாம் படி: முன்னோடிகளை நேரில் பார்ப்பது

எல்லோரும் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடம் போவார்கள். போங்கள், ஆனால் மலையகச் செயல்திட்டத்துக்கு முதலில் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வாவிடம் போங்கள். 1918இல் பிறந்து 1998இல் மறைந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டிடக் கலைஞர். கண்டியில் 1951இல் முடிந்த கருணாரத்ன வீட்டைச் சரிவோடு சேர்த்துப் பிளவுத் தளங்களாக அமைத்தார். தும்பறைப் பாய் நெசவு போன்ற உள்ளூர்க் கைவினையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அதைவிட நமக்கு நெருக்கமானது 1950களின் வட்டப்புளுவை வீட்டுத் திட்டம். குடியேறப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்ட பிறகே வீட்டு வகைகளை அமைத்தார். உங்கள் ஐந்தாம் படிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

அப்புறம் தேயிலை ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள். கொழுந்து வாட்டுவதற்காக மேல்மாடிகள் முழுக்க ஜன்னல் வரிசையாக எழும்பிய அந்தக் கட்டிடங்களின் செக்‌ஷனே காற்றைப் பிடிப்பதற்கு வரைந்தது. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை ஹோட்டலாக மாறியபோது அந்த வாட்டும் மாடிகள்தான் அறைகளாயின. மூடிக் கிடக்கும் ஸ்டோரை நூலகமாகவோ தொழிற்பயிற்சிக் கூடமாகவோ மாற்ற நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். நாவலப்பிட்டியிலிருந்து பதுளை வரை ரயிலில் ஒரு பகல் போவதும் பாடம்தான். 1:44க்கு மேல் ஏறக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டுக்காகப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, தெமோதரையில் தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே புகுந்து வருகிறது.

ஏழாம் படி: மண் கணக்கு

சரி, இப்போது வரையலாம். பென்சிலைக் கையில் எடுத்ததும் பிளானுக்குப் போகாமல், அளந்த செக்‌ஷனின் மேல் டிரேசிங் தாளை வைத்துக் கட்டிடத்தை அங்கே உட்கார வையுங்கள். ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவோம்.

சரிவு 1:3, அதாவது 18 பாகை அளவு. தோட்ட வீட்டுத் திட்டங்களில் வழக்கமான 550 சதுர அடி வீடு, அதாவது 51 சதுர மீற்றர். வீட்டின் ஆழம் 6 மீற்றர், நீளம் 8.5 மீற்றர் என்றால் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நிலமட்ட வித்தியாசம் 2 மீற்றர். முழுவதையும் வெட்டி மட்டமாக்கினால் வெட்டும் மண்ணின் முக்கோணம் 6 சதுர மீற்றர், நீளத்தால் பெருக்க 51 கன மீற்றர். நம் ஊர்க் கணக்கில் 18 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). வீட்டுக்குப் பின்னால் 2 மீற்றர் மண்சுவர் நிற்கும்.

அதே வீட்டைத் தலா 3 மீற்றர் ஆழத்தில் இரண்டு தட்டாக, 1 மீற்றர் வித்தியாசத்தில் வைத்தால் 25.5 கன மீற்றர், 9 கியூப். சரிபாதி. ஆனால் வீட்டுக்குள் ஆறு படி வந்துவிடும். முப்பது வருடம் மலையேறி இறங்கி முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு அந்த ஆறு படியும் தண்டனை. அவரின் படுக்கை, அடுப்பு, மலசலகூடம் மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடிந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

மூன்றாவது வழி: ஆழத்தை 4 மீற்றராகக் குறைத்து, சமவுயரக் கோட்டோடு 12.75 மீற்றர் நீட்டுங்கள். படியே இல்லாமல் 34 கன மீற்றர், 12 கியூப். மண்சுவர் 1.3 மீற்றர்தான். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கமும் வெளிச்சம். ஆழத்தை இரட்டித்தால் ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டும் மண் நான்கு மடங்காகும், அதுதான் இதன் சூத்திரம். இப்போது லயத்தை இன்னொரு தடவை பாருங்கள். சமவுயரக் கோட்டோடு ஒல்லியாக நீண்டு நிற்கும் அந்த வடிவம் மலைக்குப் பகையானதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு முழுக் குடும்பத்தை அடைத்ததுதான் அநியாயம். வடிவத்தையும் அநியாயத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவருக்கு லயத்திலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. முழுவதும் இடித்துவிட்டுத் தனித்தனி வீடு, அல்லது முழுவதும் பாதுகாத்துப் பெயின்ட் அடிப்பது என்ற இரண்டைத் தவிர வேறு வழிகள் உண்டு.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. கூரை 70 சதுர மீற்றர் என்றால், 150 மில்லிமீற்றர் மழை நாளில் அந்தக் கூரை மட்டும் 10,500 லீற்றர் இறக்கும். அது கூரைப் பீலியில் விழுந்து, தாங்கிக்குப் போய், மிச்சம் எந்தக் கானில் சேர்ந்து, அந்தக் கான் எங்கே முடிகிறது என்று நீலப் பென்சிலால் ஆறு வரை கோடு இழுங்கள். வீட்டுக்கு மேலே ஒரு தடுப்புக் கான் கட்டாயம். மேல் வீட்டு மலசலகூடக் குழியில் ஊறும் தண்ணீர் கீழ் வீட்டின் பின்சுவருக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். தனி வீடுகளை அடுக்கடுக்காகப் போடும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

எட்டாம் படி: படமும் மாடலும்

மாடலை 1:200 அளவில், 5 மில்லிமீற்றர் அட்டையில் செய்யுங்கள். ஒரு தட்டு ஒரு மீற்றர் உயரம். நிலத்தை மட்டும் முதலில் செய்து, கட்டிடத்தைக் கழற்றி வைக்கும்படி செய்தால் பத்து யோசனையையும் அதே நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். கணினியில் அழகாகத் திருப்பிப் பார்க்கும் மாடலை நான் குறைசொல்லவில்லை, ஆனால் சரிவின் பாரத்தை அது கைக்குத் தராது.

படங்களில் உச்சியிலிருந்து ஆறு வரை 1:500இல் ஒரு நீண்ட செக்‌ஷன், வீட்டுக்கு 1:50, மண்ணும் சுவரும் சந்திக்கும் இடத்துக்கு 1:20. அந்த 1:20 படத்தில் கருங்கல் சுவர், அதன் பின்னால் கல் நிரப்பிய வடிகால், தண்ணீர் வெளியேறும் துளைகள், கீழே கான், எல்லாம் தெரிய வேண்டும். ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த எந்தத் தாங்கு சுவரையும் சிவில் பொறியியல் படிக்கும் நண்பரிடம் காட்டாமல் முடிக்காதீர்கள். தகரக் கூரை போட்டால் மேலே பெய்கிற மழைச் சத்தத்துக்கும், உள்ளே குளிர்ந்து சொட்டும் ஈரத்துக்கும் சீலிங்கில் பதில் இருக்கட்டும். அந்தச் சத்தத்தில் பிள்ளைக்குப் பாடம் கேட்காது.

ஒன்பதாம் படி: ஜூரி

சுவரில் நடுநாயகமாக அந்த நீண்ட செக்‌ஷனை ஒட்டுங்கள், பிளான் பக்கத்தில் நிற்கட்டும். பேசத் தொடங்கும்போது வறுமையின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டாம். நம் மக்களைப் பரிதாபமாகக் காட்டி மதிப்பெண் வாங்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மேல் ரோட்டில் நின்று, மழைத்துளி ஒன்றோடு கீழே இறங்குவது போலப் பேசுங்கள்: இங்கே கான், இங்கே கூரை, இங்கே இஸ்தோப்பு, இங்கே பீலிக்கரை, இங்கே ஆறு. நடுவர்களில் யாராவது "ஏன் இதைக் கொஞ்சம் அகலமாக்கவில்லை?" என்று கேட்டால் கியூப் கணக்கைக் காட்டுங்கள்.

முடிந்த பிறகு அந்தச் செக்‌ஷனின் ஒரு பிரதியைப் பெரிதாக எடுத்து, அளவெடுக்க உதவிய லயத்துக்குக் கொண்டுபோங்கள். கோயில் மண்டபச் சுவரில் ஒட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். யாராவது ஒரு தாத்தா கிட்ட வந்து பார்த்து, "இந்தக் கான் இப்படிப் போகல தம்பி, அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கமா போகுது" என்று சொல்வார். பென்சிலைக் கையோடு கொண்டுபோயிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.